நூஹு சொன்ன குருவிகள்

கண்ணில் வெண்புரை ஒப்பரேசன் முடிந்ததும், ஒரு மாதம் தையல் மெஷின் பக்கம் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கல்முனைக்குடியில் பாதிப் பெண்களுக்கு அபாயா தைக்கும் ஹிமாயா, ஒரு கண்ணில் கட்டும் மறு கண்ணில் புகையுமாகப் பின்வாசலில் சும்மா இருந்தாள். காதுக்கு மட்டும்தான் வேலை. மாமரத்தில் இத்தனை சத்தங்கள் இருப்பது மெஷின் இரைச்சலில் அவளுக்குக் கேட்டதே இல்லை.

"இஞ்சேருங்க, ஊம் ஊம் எண்டு கத்துறது என்ன?"

கணவன் நூஹு ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். கடையில் இல்லாத சாமானுக்கும் விலை சொல்லக்கூடியவர்.

"ஆந்தை."

"பகல்லயா?"

"கிழட்டு ஆந்தை. அதுக்கு நேரம் விளங்காது."

'டொங் டொங்' என்பது மரங்கொத்தி என்றார். வேலியோரம் ஊரையே கூப்பிடும் பெரிய குரல் மீன்கொத்தி. கடல் கிட்டத்தானே என்றார். ஹிமாயா எல்லாவற்றையும் பாடமாக்கி, பக்கத்து வீட்டுக் கமீலாவுக்கும் சொல்லிக் கொடுத்தாள். கமீலா வாயால் நூஹுவின் புகழ் பரவியது.

கண் தெளிந்ததும் ஹிமாயா ஒவ்வொரு சத்தத்தின் பின்னாலும் போனாள். போனில் படத்தையும் குரலையும் ஒப்பிட்டாள். ஆந்தை என்றது, மதிலில் நடந்து திரியும் செண்பகப் பறவை. மரங்கொத்தி எதையும் கொத்தவில்லை. அது கிளையில் சும்மா குந்தியிருந்த குக்குறுவான். அந்தப் பெரிய குரலுக்குச் சொந்தக்காரர் கட்டைவிரலளவு தையல் சிட்டு. இலைகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தது. ஹிமாயா கிட்டப் போய்த் தையலைப் பார்த்தாள். இழை சீராக இல்லை.

நூஹுவிடம் சொன்னாள். அவர் அவளுடைய கண்ணைக் கவலையோடு உற்றுப் பார்த்தார்.

"ஒப்பரேசன் சரியா வரல்ல போல. இன்னொருக்கா டொக்டரிட்ட காட்டுவம்."

அதற்குள் பள்ளிக்கூட அதிபர் கடைக்கு வந்து, சுற்றாடல் தினத்துக்குப் பறவைகளைப் பற்றிப் பேச நூஹுவை அழைத்துவிட்டார். அன்று நூஹு கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்தார். தேத்தண்ணி குடித்தார். செருமினார்.

"மறுகா ஒருக்கா, அந்த டொங் டொங் என்னண்டு செல்லு பாப்பம்."

"மரங்கொத்தி எண்டுதானே செல்லித் தந்தீங்க?"

"பகிடி வேணாம் கா."

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு தினமும் பாடம் நடந்தது. ஹிமாயா போனில் குரலைப் போடுவாள். அவர் பெயர் சொல்வார். பிழைத்தால் மறுபடி போடுவாள். மனிதர் கெட்டிக்காரர்தான், கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். பாடத்தின் நடுவில் அவரே கையை உயர்த்தி, "பொறு, இது மாமரத்தில உள்ளது, போன் இல்ல" என்று சொன்ன நாளில் ஹிமாயாவுக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

மேடையில் நூஹு வாயாலேயே கத்திக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். அதிபர் பொன்னாடை போர்த்தினார். பின்வரிசையில் ஹிமாயாவும் கைதட்டினாள்.

இப்போது ஆணி வாங்க வருபவர்களும் குருவிச் சந்தேகம் கேட்கிறார்கள். நூஹு பெருந்தன்மையோடு சொல்லியனுப்புகிறார்:

"கடையில வேலை கூட. வீட்ட போய் அவட்டக் கேளுங்க. எல்லாம் நான் செல்லிக் குடுத்திருக்கன்."