மதினி விலக்கிய சால்வை

செவ்வாய்க்கிழமை காலை, உத்தமபாளையம் டீக்கடையில் நான் வழக்கம்போல ஊர்வம்பு அளந்துகொண்டிருந்தபோது அண்ணன் போனில் அழைத்தார். "சிவகாமி மதினி போயிட்டாகடா" என்றார். பாதிக் கதையில் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கதையும் பொய்தான்.

டாக்டர் சிவகாமி என் அத்தை மகள்; வயதில் மூத்தவர் என்பதால் எங்களுக்கு மதினி. அனுமந்தன்பட்டியில் பிறந்து, வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் லேசர் ஒளியால் புரோட்டான்களை முடுக்கிப் புற்றுநோயை ஆராய்ந்தவர். முடியைவிட மெல்லிய தகட்டில் ஒளியைப் பாய்ச்சுவார்கள். புரோட்டான்கள் சீறிக் கிளம்பி, தட்டில் வளர்த்த புற்றுச் செல்களில் பாயும். அது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. எது செத்தது, எது பிழைத்துப் பெருகுகிறது என்று எண்ணத்தான் நாள்கணக்காகும். "எண்ணி முடிக்காம வாயத் தொறக்கமாட்டேன் கொழுந்தனாரே" என்பார். நான் எண்ணாமலே எழுதுகிறவன்.

அப்படித்தான் போன பங்குனித் திருவிழா மலரில், 'எங்கள் மதினியின் ஒளி பட்டால் புற்றுநோய் பஞ்சாய்ப் பறக்கும்' என்று எழுதித் தொலைத்தேன். சித்திரையில் மதினி விடுப்பில் வந்தார். அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றிச் சால்வை. வடநாட்டு நாகரிகமோ என்று கேலி செய்தேன், சிரித்துக்கொண்டார்.

மறுநாள் வருசநாட்டிலிருந்து பரமன் என்ற விவசாயி, கையில் அந்தத் திருவிழா மலரோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்த அம்மாவுக்கு மதுரையில் கரண்டு வைத்துக்கொண்டிருந்தார்களாம். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மதினியின் ஒளி இருக்கும்போது அது எதற்கு என்று பரமன் பாதியில் நிறுத்திவிட்டார்.

மதினி என்னை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. தங்கள் வேலை இன்னும் தட்டைத் தாண்டவில்லை, ஆளுக்கு வர வருசக்கணக்காகும், உடனே மதுரைக்குத் திரும்புங்கள் என்று பரமனிடம் பொறுமையாகச் சொன்னார். அவர் நம்பவில்லை. அச்சிலேயே வந்திருக்கிறதே, பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டுமோ என்று கேட்டார்.

மதினி சால்வையை விலக்கினார். கழுத்து கருகித் தோல் உரிந்திருந்தது. பெற்ற தாய்க்கும் சொல்லாமல் மறைத்திருந்தார்.

"எனக்கும் கரண்டுதாண்ணே வச்சாக. எங்க மிசினு ஆளுக்கு ஆகும்னா நான் வச்சுக்கிட மாட்டனா? இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

மத்தியான பஸ்ஸில் இருவரும் மதுரைக்குப் போனார்கள். உள்ளே அத்தை அழுதுகொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடுங்க கொழுந்தனாரே, ஒளிச்சு வச்சு எனக்கும் அலுத்துப்போச்சு" என்றார் மதினி.

மதினியின் அடக்கத்துக்குப் பரமனின் மனைவி வந்திருந்தார். மெலிந்திருந்தாலும் தானே நடந்து வந்து மாலை வைத்தார். சிகிச்சையை முழுதாக முடித்துவிட்டாராம். பிறகு என்னிடம் வந்தார்.

"மலர்ல எழுதுனது நீங்கதான? இதையாவது உள்ளபடி எழுதுங்க."

எழுதுகிறேன். மதினியின் ஒளி இதுவரை ஒருவரையும் குணப்படுத்தவில்லை. என் பொய்யை நம்பி வந்த ஒரு பெண்ணை, தன் கழுத்தைக் காட்டி அவர் திருப்பி அனுப்பினார். அந்தப் பெண் இருக்கிறார், மதினி இல்லை.

கூட்டி எதுவும் எழுதவில்லை மதினி. போய் வாருங்கள்.