தராசில் ஏறிய கௌரி

தலைச்சோலைக் கௌரிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருசம் கழித்து வயிற்றில் பிள்ளை தங்கியது. ஐந்தாம் மாதத்தில் பசி என்றால் அப்படியொரு பசி; விட்டால் மலையையே தின்பாள். விட்டால்தானே! அம்மா ஆராயி வாழவந்தியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, சோற்றுச் சட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அரை வயிறுதான் கண்ணு. பிள்ளை பெருத்துட்டா சுளுவா வெளிய வருமா? உன்னையச் சொமந்தப்ப ஒரு வேளைக் களிதான் தின்னேன். எஸ்டேட்டுல பழம் பறிக்கையிலயே வழுக்கிக்கிட்டு வந்துட்ட."

புருசன் அங்கப்பனுக்கு மாமியாரிடம் வாய் திறக்கப் பயம். சட்டைப் பையில் கடலை மிட்டாய் ஒளித்து வருவான். ஆராயி மோப்பம் பிடித்து அதையும் தானே தின்றுவிடுவாள்.

அந்த மாதம் ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் கூடப் போனாள். கௌரிக்கு எடை ஏறவேயில்லை என்றார் டாக்டர் அற்புதம். அரை வயிற்றுச் சங்கதியை ஆராயியே பெருமையாகச் சொன்னாள். "இவ பொறக்கறப்ப எத்தனை கிலோம்மா?"

ஆராயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூணு கிலோங்க! காப்பிப் பழம் நிறுக்கற தராசுல, எஸ்டேட்டுக் கணக்கு எழுதற ரைட்டரே வெச்சுப் பாத்தாருங்க."

"வெறும் பிள்ளையவா வெச்சாரு?"

"உழுந்துராதுங்களா? கூடையோடதானுங்க."

"கூடை எத்தனை கிலோ?"

ஆராயி மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "ஒண்ணு... ஒண்ணேகால் இருக்குமுங்க."

கௌரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு வருசம் ஊரெல்லாம் பீற்றிய எடையில் கிட்டத்தட்டப் பாதி மூங்கில்!

டாக்டருக்கும் சிரிப்பு அடங்க நேரமானது. "வயித்துக்குள்ளயே பட்டினி கெடந்த பொண்ணுங்களுக்குப் பின்னாடி மாசாமாசம் ஒழுங்கா வராமப் போகலாம், பிள்ளை தங்க நாளாகலாம். இவளுக்கும் அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இப்பப் பட்டினி போடாதீங்க."

பிள்ளை தங்காததற்கு நாகதோசம் என்றார்கள், ராசியில்லாத கால் என்றார்கள், அதிகம் சிரிக்கிறாள் என்றுகூடச் சொன்னாள் ஒரு நாத்தனார். ஒன்பது வருசத்துப் பாரமும் இறங்கி, கௌரி ஆஸ்பத்திரி வாசலிலும் சிரித்தாள்.

ஆராயிக்குத்தான் முகம் தொங்கிப்போனது. "நானாடி உனக்குக் குத்தம் பண்ணினேன்?"

"உனக்கு உங்கம்மா சொன்னா, நீ செஞ்ச. வாம்மா, நொம்பப் பசிக்குது."

ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் ஓட்டலில் நான்கு இட்லி வந்தன. பழக்கதோசத்தில் ஆராயியின் கை தட்டுக்கு நீண்டது. பாதியிலேயே நின்றது. பிறகு அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க, இங்க இன்னும் நாலு இட்லி! வடை ரெண்டு, பொங்கல் ஒண்ணு!"

"அம்மா, டாக்டர் என்னையத்தான் திங்கச் சொன்னாங்க, பட்டாளத்தையா?"

"வாய மூடிட்டுத் தின்னு சாமி."

வாயை மூடிக்கொண்டு எப்படித் தின்பதாம்? கௌரி சிரித்துக்கொண்டே தின்றாள்.