பல்கலைக்கழகத் தலைவரும் சவக்காலைத் திறப்பும்

அறுபதுகளின் கடைசி. ஊர்காவற்றுறைப் பக்கம் எங்கள் கிராமம். எங்கள் ஊரில் பிறந்து யேசு சபையில் சேர்ந்த சுவாமி ஒருவர், வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைவரான கையோடு விடுமுறையில் வந்திருந்தார். ஊரே வாழை கட்டி, மேளம் அடித்து வரவேற்றது. சுவாமியின் வீட்டார் வளவில் கள்ளுக்குப் பனை சீவிய, என்னைப் பெற்ற ஐயா, அந்தக் கிழமையே மரத்தால் விழுந்து செத்துப்போனார்.

நாங்களும் வேதக்காரர்தான், ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். ஆனால் எங்கள் சாதிப் பிணம் சவக்காலை மதிலுக்குள் போகக்கூடாது. வெளியே, கடற்கரை மணலில்தான் புதைக்க வேண்டும். மாரிக் கடல் ஏறினால் எலும்பு வெளியே வரும். அம்மாவின் தகப்பனின் எலும்பை நாய் இழுத்ததை அம்மா கண்ணால் கண்டவ. அதனால் சுவாமியின் காலில் விழுந்து, ஐயாவை மட்டுமாவது உள்ளே வைக்கச் சொல்லி அழுதா. சுவாமி ஓம், வைக்கலாம் என்றார்.

சவப்பெட்டியோடு போனோம். சவக்காலைக் கேற் பூட்டியிருந்தது. வேதக் கோயில் மூப்பரான சுவாமியின் சொந்தத் தமையன் முன்னால் நின்றார். பின்னால் பொல்லுகளோடு ஆட்கள். ஊர்க் கோயிலைப் பார்க்கும் பங்குச் சுவாமி அன்று பார்த்து யாழ்ப்பாணம் போய்விட்டாராம்.

"திறவுங்கோ அண்ணை," என்றார் சுவாமி.

"சுவாமி அங்கை போய்ப் பல்கலைக்கழகத்தை ஆளும். இஞ்சை பூட்டுத் திறப்பு என்ரை இடுப்பிலை."

சுவாமி வேதம் சொன்னார், நியாயம் சொன்னார், கடைசியில் கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. எங்கள் பொடியன்கள் பூட்டை உடைக்கப் போனார்கள். சுவாமிதான் மறித்தார். தான் கப்பலேறிய பிறகு எங்கள் குடிசைகளைக் கொளுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

வெயிலில் பெட்டி கிடந்தது. கடைசியில் அம்மாதான் சொன்னா: "காணும் சுவாமி, விடுங்கோ. மனிசன் மணக்கத் தொடங்கிட்டுது."

மணலில்தான் புதைத்தோம். சுவாமி அங்கி நனைய நனைய மண்வெட்டி பிடித்தார். முடிந்ததும் என்னிடம், "என்னாலை ஏலாமல் போச்சு," என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த நாளே ஊரை விட்டுப் போனவர், பிறகு வரவேயில்லை. அந்த மாரியில் அம்மாவும் நானும் முருகைக்கல் சுமந்துபோய்க் குழிமேல் அடுக்கினோம். கடல் அதையும் புரட்டியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சுவாமி அந்த வெளிநாட்டிலேயே இறந்தார். ஊரில் பெரிய பூசை, கூட்டம், மாலை போட்ட படம். ஏழைகளின் தோழன் என் தம்பி என்று தமையன் ஒலிபெருக்கியில் அழுதார். எல்லோரும் கைதட்டினார்கள். கேற்றடியில் நடந்ததை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. நான் எழும்பி வந்துவிட்டேன்.

சுவாமி நல்லவர், அதை எங்கேயும் சொல்வேன். ஆனால் பெரிய மனிதர் ஒருவரைப் பிடித்தால் எங்களுக்கு நியாயம் கிடைக்கும் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.