முறைமாப்பிள்ளை இல்லாத கப்பல்

நான் எழுதிய தொடர்கதையில் ஒரு விண்கப்பல் வரும். அதில் இருநூறு பேர். அவர்களில் யாரும் மாமன் மகளையோ அத்தை மகனையோ அக்காள் மகளையோ மணக்கக் கூடாது என்று நான்காம் அத்தியாயத்தில் ஒரு விதி வைத்தேன். எரிபொருளைப் பற்றி மூன்று அத்தியாயம் எழுதியபோது வாயைத் திறக்காத எங்கள் தெரு, இதற்குத் திறந்தது.

அப்போதுதான் சென்னையில் மின்பொறியியல் டிப்ளமா முடித்துவிட்டுக் காஞ்சிபுரத்துக்குத் திரும்பியிருந்தேன். மின்சார அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை. எந்தக் கம்பி எந்தக் கிராமத்துக்குப் போகிறது என்று மெல்லிய தாளில் கோடு இழுக்க வேண்டும். அப்பாவுக்கு அரிசி மண்டி. அவருடைய தங்கை, என் அத்தை, திருப்புட்குழியில் குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கு ஒரே மகன். பம்ப்செட் பழுதுபார்ப்பவர், நான் மாமா என்று கூப்பிடுபவர். நான் பிறந்த நாளிலிருந்து நான் அவருக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

தெருவில் ஓர் இளைஞர் மன்றம் இருந்தது. அது மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியது. ஒரே ஒரு பிரதி. கையெழுத்து அழகாக இருப்பவர் ஒருவர் எழுத, படம் வரையத் தெரிந்தவர் அட்டை போட, அது வீடு வீடாகப் போகும். கடைசிப் பக்கங்கள் வாசகர் கருத்துக்காகக் காலியாக விடப்பட்டிருக்கும். பெரும்பாலோர் முதலில் படிப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

நிலவில் மனிதன் இறங்கிய அடுத்த மாதம், பத்திரிகையில் நிலவைப் பற்றி ஐந்து கவிதைகள் வந்தன. ஐந்திலும் நிலவு பெண்ணாகவே இருந்தது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை. அந்த எரிச்சலில் தொடங்கியதுதான் என் கதை. எழுத உட்காரும் முன் கதையில் எவையெல்லாம் வரக் கூடாது என்று குறித்துக்கொண்டேன். கப்பல் ஒளியை முந்தக் கூடாது. வேற்றுக்கோளில் இருப்பவர்கள் தமிழ் பேசக் கூடாது. அவர்களுக்கு நம்மைப் போல் முகம் இருக்கக் கூடாது. யாரும் கனவிலிருந்து விழித்துக்கொள்ளக் கூடாது.

இவற்றை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வந்து நிற்கும். பதினோரு ஒளியாண்டுத் தொலைவில் ஒரு விண்மீன். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக முடியாத கப்பல். எனவே ஏறியவர்கள் யாரும் போய்ச் சேர மாட்டார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரன் பேத்திகள்தான் சேர்வார்கள். இருநூறு பேருக்குள்ளேயே ஐந்து தலைமுறை திருமணம் நடக்க வேண்டும். உறவுக்குள் கட்டிக்கொண்டே போனால் மறைந்திருக்கும் நோய்கள் ஒரே வீட்டில் வந்து குவியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்காம் தலைமுறையே தாங்கவில்லை. அதனால் ஓர் அட்டவணை போட்டேன். எந்த வழியில் பிறந்தவர் எந்த வழியில் மணக்கலாம் என்று கட்டம் கட்டமாக எண்கள். அதை அப்படியே கதையில் சேர்த்தேன்.

அந்த மாதம் கருத்துப் பக்கங்கள் போதாமல் தாள் ஒட்டித் தைத்தார்கள். மாமன் மகளைக் கட்டாதே என்று சொல்ல இவர் யார் என்று ஒருவர். கப்பலில் சீர்வரிசை உண்டா என்று ஒருவர். அட்டவணையில் சாதிக்குக் கட்டம் விட்டுப்போயிருக்கிறதே, கவனக்குறைவா என்று ஒருவர். அதற்கு மட்டும் அடியில் பதில் எழுதினேன்: கவனக்குறைவு இல்லை.

மறுநாள் மாலை நான் அப்பாவின் மண்டியில் இருந்தபோது மன்றச் செயலாளர் அங்கேயே வந்துவிட்டார். சரிகைக் கடை வைத்திருப்பவர். அக்காள் மகளைத்தான் மணந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் சண்டை இல்லை.

"இஞ்சினியரம்மா, கப்பல் எவ்ளோ வேகமா வேணா போவட்டும். கல்யாணத்துல ஏன் கை வெக்கிறீங்க? என் வூட்ல எனக்கு முன்னாடி அவ படிச்சிட்டா. நம்ம புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமான்னு கேட்டுக்கினே இருக்குது."

அவர்கள் குழந்தை நன்றாக இருந்தது. எல்லா வீட்டிலும் கெடுதல் வரும் என்று நான் எழுதவில்லை. ஒரு மூடிய கப்பல், ஐந்து தலைமுறை, வெளியிலிருந்து புதிதாக யாரும் வர வழியில்லை. அதைப் பொறுமையாக விளக்கினேன்.

"அதையே எழுதிடுங்களேன். ஊர்ல இருக்கிறவங்களுக்கு இதால ஒரு ஆபத்தும் இல்லன்னு ஒரே ஒரு வரி."

"கொறைவுன்னு எழுதுறேன். இல்லவே இல்லன்னு எழுத முடியாதுங்க."

அந்த வரி வராவிட்டால் கதையும் வராது, இதைத் தனியாகத் தான் முடிவு செய்யவில்லை, மன்றமே சொல்கிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். பத்திரிகை எப்படித் திருப்புட்குழி வரை போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொண்டுவந்த வேர்க்கடலைப் பையைக் கீழே வைக்கவே இல்லை.

"எம் புள்ள வேணாம்னா நேரா சொல்றதுதானடி? அதுக்கு ஒரு கப்பலக் கட்டி, எறநூறு பேர ஏத்தி, ஆகாசத்துக்கு அனுப்பணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, கப்பலுக்காகத்தான் எழுதினேன், மாமாவை நினைத்து எழுதவில்லை என்றேன். அது உண்மை.

"அப்ப அவன கட்டிக்கிறியா?"

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். இருபத்திரண்டு வயதில் முதல்முறையாக அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. பதிலைத் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை.

"இல்ல, அத்தை."

"பாத்தியாண்ணா? அவன நெனச்சுதான் எழுதியிருக்கா."

இரண்டும் வேறு வேறு என்று சொன்னேன். கப்பலில் இருப்பவர்களுக்கு விதி உண்டு. எனக்கு விதி எதுவும் இல்லை, விருப்பம் இல்லை, அவ்வளவுதான். அத்தைக்கு இது விளங்கவில்லை, அல்லது நன்றாக விளங்கிவிட்டது. சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பையையும் கையோடு கொண்டுபோனாள்.

அவள் போன பிறகு அப்பா கோபப்படவில்லை. கல்யாணத்தைப் பிறகு பேசலாம், முதலில் அந்த விதியை எடுத்துவிடு, தங்கையிடம் சொல்லிக்கொள்ள எனக்கு ஏதாவது வேண்டும் என்றார்.

"நாலு வரிய எடுத்துட்டா இன்னாமா கொறஞ்சி போவுது?"

என்ன குறையும் என்று அவருக்குச் சொன்னேன். ஐந்தாம் அத்தியாயம் அப்போது என் கையில் இருந்தது. அந்த விண்மீனைச் சுற்றும் கோளில் எப்போதும் கனத்த மேகம். அங்கே வாழ்பவற்றுக்குக் கண் கிடையாது, வானம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் புயல் வருவதை மின்னலின் ரேடியோ இரைச்சலால் அறிவதற்காகப் பெரிய பெரிய ஆன்டெனாக்கள் வைத்திருக்கின்றன. புயல் இல்லாத ஒரு நாளில் அவற்றில் கப்பலின் சமிக்ஞை விழுகிறது. கேட்டதை அப்படியே எண்ணித் திருப்பி அனுப்புகின்றன. கப்பல் பதில் சொல்ல வேண்டும். படம் அனுப்பிப் பயனில்லை, பார்க்கக் கண் இல்லை. சொல் அனுப்பிப் பயனில்லை. எண் மட்டும்தான் இருவருக்கும் பொது. கப்பலில் இருப்பவர்கள் தங்களைப் பற்றி வைத்திருக்கும் எண்கள் எவை? அந்தத் திருமண அட்டவணை. அதை அனுப்புகிறார்கள். நாங்கள் பிறக்கிறோம், இணைகிறோம், இறக்கிறோம், எங்களுக்குப் பின்னும் ஆட்கள் வருகிறார்கள் என்பது அந்த வரிசையில் இருக்கிறது.

"அத எடுத்துட்டா அதுங்களோட பேசவே முடியாதுப்பா. வெறுங்கப்பல்தான் போவும்."

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். கண் இல்லாதவை எப்படிச் சாப்பாட்டைத் தேடும் என்று கேட்டார். அதுதான் அவருடைய சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை.

அடுத்த இதழ் என் கதை இல்லாமல் வந்தது. 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று ஒரு வரி. தவிர்க்க முடியும், நான்தான் தவிர்க்கவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தைக் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதினேன். முதல் பக்கத்தில் விதியையும் அட்டவணையையும் மறுபடி போட்டேன். உறவுத் திருமணத்தில் ஆபத்து எப்போது கூடும், எப்போது குறையும் என்று பாடப்புத்தகத்தில் இருந்ததை எளிய தமிழில் எழுதிச் சேர்த்தேன். பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. பத்திரிகை போன அதே வழியில், அதற்கு ஒரு வீடு பின்னால் அனுப்பினேன். முதல் பிரதியைச் செயலாளர் வீட்டுக்கு நானே கொண்டுபோய் அவர் மனைவியிடம் கொடுத்தேன். அந்தப் பெண் அதை வாசலிலேயே நின்று படித்தார். முடித்துவிட்டு, இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றவில்லை என்றேன்.

சில வாரம் கழித்து அத்தை மகன் சைக்கிளில் வந்தார். கையில் மூன்றாவது பிரதி, ஓரங்களில் கிரீஸ் கறை. உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடியே பேசினார்.

"எனக்குக் கோவம்தான். அத வுடு. அட்டவணைக்கு அதுங்க இன்னா பதில் அனுப்பிச்சிதுங்க?"

கப்பல் இன்னும் நான்கு ஒளியாண்டு தள்ளித்தான் இருக்கிறது, அட்டவணை போய்ப் பதில் வர ஏழெட்டு ஆண்டு ஆகும் என்றேன்.

"எனக்கே அவ்ளோ நாளா?"

"உனக்கு அடுத்த மாசம், மாமா."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதமும் பிரதி அனுப்பினேன், அதற்கடுத்த மாதமும். மன்றம் பிறகு என்னைத் திரும்ப அழைத்தது. விதி இருக்கும் என்றால் வருகிறேன் என்றேன். இருக்கட்டும் என்றார்கள்.

அத்தை மகன் இப்போது பக்கத்து ஊரான கூரத்தில் ஒரு பெண்ணை மணந்திருக்கிறார். உறவு எதுவும் இல்லாத குடும்பம். அத்தை அதற்கும் என் கப்பலைத்தான் திட்டுகிறாள். திட்டட்டும். அந்தக் கல்யாணத்தில் அவள் என்னோடு பேசவில்லை. நான் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.