எழுதாமல் விட்ட வீடு

பிள்ளைகளே, நான் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்யவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் எனக்கு வேலை. திங்கட்கிழமைதோறும் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றோட்டம் என்று கொப்பியில் எழுதி டொக்டர் ஐயாவிடம் கொடுக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை, கொழுந்தெடுக்கும் சாந்தியின் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அவளுடைய கொழுந்தனுக்கு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. மாமியார் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அம்மா வந்திருக்கா தம்பி. பேரெல்லாம் எழுதக்கூடாது."

எனக்கும் பயம்தான். கொப்பியை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மூன்றே நாளில் தடிப்பு மறைந்தது. சாந்திக்கும் ஒருநாள் லேசாகப் போட்டதாம். அதோடேயே கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள். அப்போது அவளுக்கு இரண்டு மாதம். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்வது நம் ஆட்களிடம் வழக்கமில்லை. எனக்கும் தெரியாது.

பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்காம் மாதம், கிளினிக் கார்ட் கொடுக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஃபெக்டரிச் சங்கு ஊதியது. பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. இது அசையாமல் தூங்கியது.

"பாத்தீங்களாண்ணே, எம்மக என்னா சமத்துன்னு! லயத்துலயே இப்புடி ஒரு புள்ள இல்ல" என்றாள் சாந்தி.

குழந்தை விழித்த பிறகு, அதன் தலைக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தேன். திரும்பவில்லை. கர்ப்பகாலத்தில் ருபெல்லா, அதாவது ஜேர்மன் சின்னமுத்து என்ற மூன்று நாள் அம்மை, தாய்க்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையின் காது, கண், இருதயம் பாதிக்கலாம் என்று டொக்டர் ஐயா கிளினிக்கில் சொல்வது ஞாபகம் வந்தது. வேப்பிலை தொங்கிய அந்தத் திங்கட்கிழமையிலிருந்து மாதத்தை எண்ணிப் பார்த்தேன்.

சொன்னால் என் வேலை போய்விடும்.  மூன்றாம் நாள்தான் டொக்டர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஏன்யா எழுதல?"

"அம்மா வந்த வீடுங்க ஐயா."

"அம்மா வரட்டும்யா! எழுதாதேன்னு அம்மாவா ஒங்கிட்ட வந்து சொன்னா?"

 ஐயா ஏசிக்கொண்டே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். அங்கே இரத்தமும் பார்த்தார்கள். ருபெல்லாதான். கண்ணும் இருதயமும் நல்லாயிருந்தன. இரண்டு காதும் மிகவும் மந்தம்.

"நான் என்னண்ணே பாவம் செஞ்சேன்?" என்று சாந்தி அழுதாள்.

"நீ ஒண்ணும் செய்யலம்மா. ஒனக்கு ருபெல்லா ஊசி போடாம விட்டுப்போச்சு. நானும் எழுதாம வந்துட்டேன்" என்றேன். 

என் வேலை போகவில்லை. "எழுதியிருந்தாலும் தடுத்திருக்க முடியுமான்னு தெரியாது. ஆனா பொறந்தப்பவே காதைப் பாத்திருக்கலாம்" என்றார் ஐயா. அதன்பிறகு எந்த வீட்டையும் நான் விட்டதில்லை. வேப்பிலை கட்டிய வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, பெயரை எழுதிக்கொண்டுதான் வருவேன். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களிடம் ருபெல்லா ஊசி போட்டாயிற்றா என்று கேட்கும்படி மிட்வைஃப் அம்மாவிடம் சொல்வேன். கர்ப்பத்துக்கு முன்பே போட வேண்டிய ஊசி அது.

ஒரு வயதுக்கு முன்பே அந்தப் பிள்ளைக்குக் காது மெஷின் கிடைத்தது. இன்று பெரிய வகுப்பு. போன வாரம் பஸ்ஸில் தாயும் மகளும் பக்கத்து சீட்டில் இருந்தார்கள்.

"நான் ஏச ஆரம்பிச்சா போதும்ண்ணே, மெஷினக் கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கிறா!" என்றாள் சாந்தி.

"அம்மா முடிச்சதும் மாட்டிக்கிறேன்தானே மாமா" என்றாள் பிள்ளை.

பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.