மாமா செய்த காற்றுக்குழாய்

எங்கள் வீட்டில் கக்கூசு என்ற சொல்லைப் பெரியவர்கள் வாயால் கேட்பது அரிது. 'வளவுக்குள்ளை போட்டு வாறன்' என்பார்கள், அதையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டில் அந்த ஆனி மாதம் பத்து நாட்கள் அப்பு என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா மூவரும் கூடிக் கூடிப் பேசியதெல்லாம் ஒரு தோணிக் கக்கூசைப் பற்றித்தான். எனக்கு ஒன்பது வயது. சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு அம்மாவிடம் குட்டும் வாங்கினேன்.

அக்காவை இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது. மாசியிலிருந்து இருமிக்கொண்டிருந்தாள், சித்திரையில் வாய் துடைத்த கைலேஞ்சியில் இரத்தம் கண்டது. கசம் என்று எங்கள் நாட்டு வைத்தியர் பரியாரியார் அப்புவின் காதோடு சொன்னார். காசநோயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒரு வீட்டில் கசம் என்று தெரிந்தால் அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் அள்ள மாட்டார்கள், பெண் கேட்டு யாரும் வாசல் படலையைத் திறக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் கட்டிக்கொடுக்க மிச்சமிருந்த பெண் நான். ஆகவே, அக்கா இந்தியாவில் படிப்பிக்கப் போகிறாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அங்கே ஒரு மலையடிவாரத்துக் கச ஆசுப்பத்திரியில் அவளை விட்டுவிட்டு வருவதென்று தீர்மானமாயிற்று. அங்கே போய்த் திரும்பி வந்த ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது.

"என்னை அங்கை கொண்டுபோய் விடாதேங்கோ அம்மா. எங்கடை அறையிலையே கிடக்கிறன்," என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"சின்னவளை நினைச்சுப் பார் பிள்ளை," என்றா அம்மா. சின்னவள் நான்தான். அக்கா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நீராவிக் கப்பலில் போனால் டாக்குத்தர் மறித்துப் பார்ப்பார் என்று அப்பு பயந்தார். பருத்தித்துறையில் ஒரு சின்னப் பாய்த்தோணி பேசப்பட்டது. தோணியை ஓட்டும் தலைவரைத் தண்டையல் என்பார்கள். அந்தத் தண்டையல் முதல்நாளே சொல்லிவிட்டார்: "கசம், அம்மை எண்டால் ஏத்தமாட்டன் ஐயா. என்ரை பொடியள் நாலுபேரும் ஒரு சட்டியிலை தின்னுறவங்கள்."

"பிள்ளைக்குக் கொஞ்சம் தலைச்சுத்து, வேறை ஒண்டுமில்லை," என்றார் அப்பு. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தோணிகளில் கக்கூசு இருப்பதில்லை. ஆண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காரியத்தை முடித்துவிடுவார்கள். பெண்கள் வருகிறார்கள் என்ற சாட்டில், தோணியின் பின்பக்கம் ஏற்றுவதற்கென்று, ஆள் உயரத்துக்கு மேலும் ஒரு முழம் கூடிய பலகைப் பெட்டி ஒன்றைக் கரை மணலில் வைத்து அடித்தார் மாமா. உள்ளே இருக்க ஒரு பலகை, பலகையில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே கடல். உண்மையில் அது அக்கா இருமுவதற்கான அறை. இருமல் வரும்போது தலைச்சுற்று என்று உள்ளே போய்விட வேண்டும், வெளியே இருக்கும்போது கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும்.

மாமா அடித்த பெட்டியை அப்பு வந்து பார்த்தார். எங்கள் ஊரில் வேலியில் பொட்டு என்று ஒரு சின்ன ஓட்டை தெரிந்தாலும் மனிதருக்கு நித்திரை வராது. அப்பு உட்புறம் முழுக்கச் சாக்கு அடித்து, அதன்மேல் தென்னோலையில் பின்னிய பன்னாங்கு இரண்டு பட்டையாக அடித்து, இடுக்குகளில் தென்னந்தும்பு அடைத்தார். இனி ஒரு சத்தமும் வெளியே போகாது என்றார். அக்காவை உள்ளே இருத்திப் பார்த்தார்கள். நூறு எண்ணுவதற்குள் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மணலில் விழுந்தாள். உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது.

அதன்பிறகுதான் மாமாவின் மூளை வேலை செய்தது. அவர் மலாயாவில் ரயில்பெட்டி திருத்தும் இடத்தில் பதினைந்து வருடம் இருந்து வந்தவர். அதனால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் திருத்தத் தெரியும் என்ற எண்ணம் அவருக்கு உண்டு.

"காத்துக்கு உள்ளை வர ஒரு வழி வேணும் அத்தான், வெளியிலை போக ஒரு வழி வேணும். ஒண்டு இருந்தால் காணாது," என்றார்.

பலகைக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி, நாலு துளைகள் போட்டார். மேலே கூரையோரம் ஒரு துளை வெட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தைச் சுருட்டிக் குழாய் செய்து பொருத்தினார். குழாய் வெளியே வந்து பின்பக்கமாக வளைந்து, அலை தெறித்து உள்ளே போகாதபடி கீழ்நோக்கித் திரும்பி, எனக்கு எட்டும் உயரத்தில் முடிந்தது. பிறகு ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு தாமே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் குழாய் வாயால் புகை குபுகுபுவென்று வந்தது. நான் கைதட்டினேன். அம்மாகூடச் சிரித்தா. அந்த வருடம் அம்மா சிரித்தது எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தரம்தான்.

புகையைச் சோதித்த மாமா சத்தத்தைச் சோதிக்கவில்லை. புறப்படுகிற அன்று விடிய, பெட்டியும் சாமான்களும் தோணியில் ஏறிய பிறகு, உள்ளே போய்த் தொண்டையைச் செருமினார். குழாய் அதை ஊதுகுழல்போல் வாங்கி, சுக்கான் பிடிக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. தண்டையல் இருக்கப்போகும் இடம் அது. அப்புவின் முகம் செத்துப்போயிற்று. மாற்றிச் செய்ய நேரமில்லை. அம்மா ஒரு பழஞ்சேலைத் துணியை உருட்டிப் பந்தாக்கி என் கையில் தந்தா.

"அக்கா உள்ளை போனால் குழாயை அடைச்சுப்போடு. வெளியிலை வந்தால் எடு. ஆருக்கும் வாய் திறக்கப்படாது," என்றா.

ஆக, ஆள் இல்லாத நேரத்தில் கக்கூசுக்கு நல்ல காற்றோட்டம். ஆள் இருக்கும்போது இல்லை. இவ்வளவு பெரிய பொறுப்பு எனக்குக் கிடைத்ததில் நான் தலைகால் தெரியாமல் நின்றேன்.

சோளகக் காற்று பாயில் நன்றாகப் பிடித்தது. கரைப் பனைகள் சிறுத்துக்கொண்டே போயின. அக்கா இரண்டு தரம் உள்ளே போனாள், இரண்டு தரமும் தண்டையல் பாயைப் பார்க்கிற நேரமாக நான் ஒழுங்காக அடைத்தேன். இரண்டாம் தரம் வெளியே வந்தவள் என் தலையைத் தடவிவிட்டு, பனைகள் தெரிந்த திசையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் தரம் போனபோது உள்ளிருந்து பலகையில் மெல்லத் தட்டினாள். நான் காதை வைத்தேன்.

"தங்கச்சி, துணியை எடு."

"அம்மா அடிப்பா."

"அம்மாவுக்குச் சொல்லாதை. எனக்கு மூச்சு முட்டுது. எடு ராசாத்தி."

நாவற்பழ உதடு எனக்கு நினைவுக்கு வந்தது. எடுத்துவிட்டேன். உள்ளே இருக்கைப் பலகை கிறீச்சென்றது. பிறகு இருமல் வந்தது. அக்கா என் தோளில் சாய்ந்து இருமியபோதுகூட அப்படிக் கேட்டதில்லை. விட்டுவிட்டு அல்ல, நிறுத்தாமல் வந்தது. நான் துணியைத் திரும்ப அடைத்தேன்.

தண்டையல் சுக்கானில் கைவைத்தபடி குழாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்புவைக் கூப்பிட்டார்.

"ஐயா, உது தலைச்சுத்து இல்லை. உந்த இருமலை எனக்குத் தெரியும். என்ரை வீட்டிலையும் கேட்டது."

அப்பு தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். கோயிலில் சுவாமிக்கு முன்னால் தவிர அவர் எங்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கைகூப்பிக்கொண்டு நின்றார். தண்டையலும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தக் கரையிலை இறக்கவும் விடாங்கள் ஐயா. என்ரை பொடியளை நான் பாக்கவேணும்," என்றார். பாய் திரும்பியது.

போனது இரண்டு மணி நேரம். எதிர்க்காற்றில் அங்குமிங்குமாக வெட்டி வெட்டித் திரும்பியது பொழுது சாயும் வரைக்கும். தோணியில் வேலைசெய்த பொடியள் நாலுபேரும் முன்பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லாததால் அக்கா திறந்த வெளியில் என் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். நிறையக் காற்று. அம்மா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதா. அக்கா மட்டும் கண்ணை மூடி அமைதியாக இருந்தாள். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். அக்கா எங்களோடு வீட்டுக்கு வருகிறாள், அதைவிட வேறென்ன வேண்டும்.

பருத்தித்துறையிலிருந்து செய்தி எங்கள் மாட்டுவண்டிலுக்கு முன்னரே எங்கள் ஊரான உடுவிலுக்கு வந்துவிட்டது. கிணற்றுக்கு ஆட்கள் வருவது நின்றது. மாரிமழை தொடங்குமுன் அக்கா தன் அறையில், தன் கட்டிலில் கிடந்து செத்துப்போனாள். என்னைக் கேட்டு எவரும் படலையைத் திறக்கவில்லை. நான் நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்ந்தேன்.

பழி முழுவதும் மாமாவின் தலையில் விழுந்தது. "உன்ரை குழாய்தான் என்ரை குடியைக் கெடுத்தது," என்று அப்பு சொன்னார். பிறகு சாகும்வரை அவரோடு கதைக்கவில்லை. துணியை எடுத்தது நான் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தோணியால் வந்த அடுத்த நாள் மாமா பெட்டியைக் கழற்றி, குழாயை எங்கள் வீட்டு வளவில் கொண்டுவந்து போட்டார். நான் அதைத் தூக்கி விளையாடினேன். பெட்டிக்குள் இருந்த பக்கத்து வாயில், தகரத்தின் விளிம்பு சுற்றிச் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. கூரையோரம் இருந்த வாய் அது. இருக்கைப் பலகைமேல் ஏறி நின்றால்தான் ஒருவருடைய முகம் அதற்கு எட்டும். படி ஏறவே பிடிமானம் தேடும் அக்கா அதில் ஏறியிருப்பாள் என்று எனக்கு எப்படித் தோன்றும். அவள் கேட்டது காற்றுத்தான் என்று நான் நம்பியிருந்தேன்.

"மாமா, உங்கடை தகரம் ஒரு நாளிலையே துருப்பிடிச்சுப் போச்சு," என்று கொண்டுபோய்க் காட்டினேன்.

மாமா அதை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுக்குள் அப்பு அவரைத் திட்டிக்கொண்டிருந்தது வெளியே கேட்டது.

"ஓம் பிள்ளை. உப்புக் காத்தெல்லே," என்று சொல்லி, குழாயைக் காலடியில் வைத்துச் சப்பையாக மிதித்தார்.