தேக்கு ஃபினிஷும் எட்டடி பெஞ்சும்

எங்கள் வீட்டில் மூன்றாவது பிளாஸ்டிக் நாற்காலி உடைந்தபோது என் கணவர் அதில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் தன் அக்காவோடு, அதாவது என் அண்ணியோடு, போனில் பேசிக்கொண்டிருந்தார். முதல் இரண்டும் அவருக்குக் கீழேதான் உடைந்தன. பின்னங்கால்கள் இரண்டும் மெல்ல அகன்றன. அவர் "ஆமாக்கா, ஆமாக்கா" என்று சொல்லிக்கொண்டே தரைக்குப் போய்ச் சேர்ந்தார். போனை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னாடா சத்தம்?" என்று அண்ணி கேட்டது எனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்லக்கா. உக்காந்தேன்."

அண்ணியின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தப் பட்டுச்சேலையை எங்கள் ஊரான ஆரணியிலேயே எடுத்துவிடலாம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். நான் பட்டுச்சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிறவள். எங்கே போனால் நல்ல சேலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் சம்பந்தியம்மாவையும் சம்பந்தி ஐயாவையும் அழைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் வருவதாகவும், பகல் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்றும் அண்ணி சொன்னார். போனை வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டார்.

"வர்றவங்கள உக்கார வைக்க எதுனா கீதா, இல்ல நின்னுகினே சாப்பிடணுமா?"

தரையில் உட்கார்ந்தபடியே இவர் சொன்னார்: "அதெல்லாம் நல்லாவே கீதுக்கா."

என் கணவர் களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் சூப்பர்வைசர். நெல் வந்தால் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார்; ஒரு மணியைக் கடித்து "ஈரம்" என்பார். அவர் பல் சொன்னால் லாரிக்காரர் மறுபேச்சு பேசமாட்டார். அந்தப் பழக்கம் ஆலையோடு நிற்பதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு முறுக்கைக் கடித்துவிட்டு இதே முகத்தோடுதான் தலையாட்டினார். எதை வாங்கினாலும் அது அவர் உடம்பைத் தாங்க வேண்டும், நாள்பட உழைக்க வேண்டும். எனக்கோ பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து எங்கள் வசதிக்குள் கிடைக்க வேண்டும். இப்படி மூன்று நிபந்தனைகளோடு கடைவீதிக்குப் போனோம்.

முதல் கடையில் சோபாக்கள் எல்லாம் பாலிதீன் உறைக்குள் பளபளத்துக்கொண்டிருந்தன. சாம்பல் நிறத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. சினிமா வீட்டில் வருவதுபோல, மெல்லிய கால்களோடு.

"தேக்கா?" என்றார் இவர், விற்பனையாளரிடம்.

"தேக்கு ஃபினிஷ் சார்."

"உள்ள இன்னா மரம்?"

"உள்ளயும் ஃபினிஷிங் நல்லா இருக்கும் சார்."

இவர் உட்கார்ந்தார். சோபா அவரை வாங்கிக்கொண்டது. முட்டி இரண்டும் தாடைக்கு அருகில் வந்தன. எழுந்திருக்க இரண்டு முறை முயன்றுவிட்டு எனக்கு ஒரு கையையும் விற்பனையாளருக்கு ஒரு கையையும் கொடுத்தார். நாங்கள் இழுத்தோம். "அவ்ளோ கம்ஃபர்ட் சார் இது. யாருமே எழுந்துக்க மாட்டாங்க" என்றார் விற்பனையாளர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"இத குப்புறப் போடுங்க, பார்க்கலாம்."

"சோபாவ யாரும் குப்புறப் போட்டுப் பார்க்க மாட்டாங்க சார்!"

"நெல்லு மூட்டையவே நான் கொட்டிப் பார்த்துதான் வாங்குவேன்" என்று சொல்லி இவரே புரட்டிவிட்டார். அடியில் கறுப்புத் துணி ஒன்றை ஆணியடித்து மூடியிருந்தார்கள். ஓரத்தில் கிழிந்திருந்த இடத்தில் விரல் விட்டுத் தூக்கிப் பார்த்தார். உள்ளே சன்னமான பெட்டிப் பலகைகள். ஒன்றில் இலையோடு கூடிய ஆப்பிள் படம் அச்சடித்திருந்தது. இன்னொன்றில் ஒரு அம்புக்குறி, இந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று தரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

விற்பனையாளர் குனிந்து ஆப்பிளைப் பார்த்தார். "எனக்கே தெரியாதுங்க" என்றார், நிஜமான வருத்தத்தோடு. அவர் வீட்டிலும் அதே சோபாதானாம்.

கடைகளே வேண்டாம் என்று நான் போனில் தேட ஆரம்பித்தேன். அழகான டீப்பாய் ஒன்றை ஆர்டர் செய்தேன். படத்தில் அதன் மேல் பூஜாடி, இரண்டு புத்தகம், ஒரு காபி கோப்பை எல்லாம் இருந்தன. வந்த பெட்டியோ சேலைப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. திருகாணிகளை முடுக்கி நிறுத்தினால் டீப்பாய் என் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஒரு பார்டரில் எத்தனை இழை வரும் என்று எண்ணிப் போடுவது என் பிழைப்பு. ஆனாலும் அளவு எழுதியிருந்த வரியை நான் படிக்கவே இல்லை. அன்று இரவு இவர் அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். "நல்ல மணை" என்றார். அது உடையவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம்.

வருகைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது, கண்ணமங்கலத்தில் இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒருவர் இருப்பதாக ஆலையில் யாரோ சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போனோம். கதவுகள், நிலைகள், ஜன்னல்கள் எல்லாம் வெயிலில் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அவற்றுக்குப் பின்னால், தார்ப்பாய்க்குக் கீழே, அந்த பெஞ்சு இருந்தது.

எட்டடி நீளம். முதுகுச் சாய்மானம் ஒரே பலகை. இரண்டு பக்கக் கைப்பிடிகளும் அலைபோல வளைந்து இறங்கின. பார்டரில் அப்படி ஒரு வளைவைக் கொண்டுவர நான் நாள்கணக்கில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பின்பக்கத்தில் புத்தகம் வைக்க ஒரு ஒடுக்கமான தட்டுகூட இருந்தது.

"சர்ச்சு பெஞ்சுங்க" என்றார் கடைக்காரர். "அவங்க சேர் வாங்கிட்டாங்க. இத எடுத்துகினு போங்கன்னாங்க."

"இது தேக்கு ஃபினிஷா?" என்றார் இவர்.

கடைக்காரருக்குக் கேள்வி புரியவில்லை. "தேக்குங்க" என்றார்.

இவர் நகத்தால் கீறினார். முகர்ந்தார். நான் தடுப்பதற்குள் குனிந்து கைப்பிடியின் ஓரத்தை லேசாகக் கடித்தும் பார்த்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார். எழுந்தார். கொஞ்சம் உயரத்திலிருந்து தொப்பென்று உட்கார்ந்தார். பெஞ்சு முனகக்கூட இல்லை. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி நின்று குதித்தார்.

"சார், ஒரு ஊரு ஜனமே உக்காந்து எழுந்த பெஞ்சு. உங்க ஒருத்தர தாங்காதா?"

விலை அந்த ஆப்பிள் சோபாவில் பாதிதான். அவர் முகத்தில் நெல் நன்றாகக் காய்ந்திருக்கும்போது வருகிற அந்தக் களை வந்தது. எனக்கு அந்த வளைவே போதும். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் விரும்பியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஏற்றிவர ஒரு குட்டியானை வண்டி பிடித்தோம். பெஞ்சு வண்டியின் பின்தட்டைவிட நீளம். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் என் சிவப்புத் துப்பட்டாவைக் கட்டினோம். மேடுபள்ளத்தில் தூக்கியடிக்கும், யாராவது உட்கார்ந்தால் நல்லது என்றார் டிரைவர். இவர் ஏறி நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டார். அன்று வெள்ளைச் சட்டை வேறு. நான் பைக்கில் பின்னாலேயே வந்தேன்.

வழியில் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர், யாரோ என்று நினைத்து, இவரைப் பார்த்துக் கும்பிட்டார். மரியாதைக்கு இவரும் கும்பிட்டார். அடுத்த பஸ் நிறுத்தத்தில் நான்கு பேர் கும்பிட்டார்கள். ஆரணி நெருங்கும்போது இவராகவே இரண்டு பக்கமும் கையாட்ட ஆரம்பித்துவிட்டார். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் என்னிடம் கேட்டார்: "எந்த வார்டுங்க?"

எங்கள் வீடு மாடியில். கீழே வீட்டுக்காரர் டீச்சர், ஓய்வுபெற்று சில வருஷம் ஆகிறது. சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் அவரிடம் வாயால் விண்ணப்பம் போட வேண்டும். பெஞ்சு படிக்கட்டின் திருப்பத்தில் சிக்கியது. "என் செவுத்துல ஒரு கீறல் விழக்கூடாது" என்றார் டீச்சர். பெஞ்சு அன்றைக்கு வாசலிலேயே வெட்டவெளியில் படுத்தது.

மறுநாள் ஆலையிலிருந்து நான்கு லோடுமேன்கள் கயிற்றோடு வந்தார்கள். இரண்டு பேர் மேலே பால்கனியில், இரண்டு பேர் கீழே. டீச்சர் தெருவில் நின்று டிரில் வகுப்பு எடுப்பதுபோல ஆணையிட்டார்: "லெஃப்ட்! லெஃப்ட்!" மேலே இருந்தவர்களின் இடதுகை கீழே இருந்தவர்களின் வலதுகையாக இருந்ததால் பெஞ்சு ஊஞ்சலாடியது.

"ஜல்தி இழுப்பா, பேஜாரு பண்ணாத!" என்றார் கீழே இருந்தவர்.

பெஞ்சு டீச்சரின் தலைக்கு மேலே போகும்போது அவர் திடீரென்று "நில்லுங்க!" என்று கத்தினார். பள்ளிக்கூடத்துக் குரல். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பெஞ்சு அந்தரத்தில் தொங்கியது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதன் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இது எங்க ஊரு சபை பெஞ்சும்மா! மூணாவது வரிசை, ஜன்னலோரம். இந்தக் கீறல் என் தம்பி போட்டது. பிரசங்கத்துல தூங்கி, இதுலேர்ந்துதான் விழுந்தான். அப்போ அவனுக்கு..."

"டீச்சர்," என்றார் மேலேயிருந்த லோடுமேன், மிகுந்த மரியாதையோடு, "கை வலிக்குதுங்க. வயச அப்புறம் சொல்லுங்க."

அதற்குப் பிறகு சுவரைப் பற்றி டீச்சர் பேசவே இல்லை. இரண்டு கீறல் விழுந்திருந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நாங்களே பாலிஷ் அடித்தோம். இவர் ஒரு பூச்சோடு விடவில்லை; முகம் தெரியும்வரை அடித்தார். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வெறும் மரத்தில் சம்பந்திகளை எப்படி உட்காரவைப்பது? மெத்தைக்காரரிடம் நீளமாக மூன்று திண்டுகள் தைக்கச் சொன்னேன். உறைக்கு என்னிடம் பட்டு இருந்தது. முன்பு ஒரு முறை நான் டிசைனில் செய்த பிழையால், பார்டரில் வந்த யானைகள் எல்லாம் கால் வானத்தைப் பார்க்க மல்லாந்து கிடந்தன. நெய்தவர் அந்தத் துணியை என்னிடமே கொண்டுவந்து கொடுத்திருந்தார். நல்ல மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். பெஞ்சின் மேல் போட்டதும் அறையே எழுந்து நின்றது. தூக்கி வைத்த கையோடு போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அழுக்காகிவிடும் என்று நான்தான் இவரை விடவில்லை.

அவர்கள் வந்தார்கள். காலையில் சேலை எடுத்தோம். சம்பந்தியம்மா அதிகம் பேசாதவர்; எல்லாவற்றையும் பார்ப்பார், எதற்கும் சிரிக்கமாட்டார். அண்ணி காலை முழுக்க அவரைச் சிரிக்கவைக்கப் பாடுபட்டுத் தோற்றிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணி கைப்பிடியைத் தடவிப் பார்த்து என்னிடம் கண்ணாலேயே 'பரவாயில்லையே' என்றார். நான் காபி எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது சம்பந்தி ஐயா மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேசப்பேச அவர் முன்னால் வந்துகொண்டிருந்தார். பாலிஷ் மேல் பட்டு. மூவரும் மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தார்கள். ஐயா விளிம்புக்கு வந்ததும் பேச்சை நிறுத்தாமலேயே கையூன்றிப் பின்னால் போனார். அவர் போனதும் சம்பந்தியம்மா வந்தார். அவர் போனதும் அண்ணி. யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வந்த வீட்டில் எப்படிச் சொல்வது?

அந்த நேரம் டீச்சர் ஒரு தட்டில் அச்சு முறுக்கோடு வந்தார். "நம்ம பெஞ்சு" என்று அன்போடு சொல்லி ஓரத்தில் இடம்பிடித்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், பழக்கதோஷம், கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டார். அவரைப் பார்த்து அண்ணியும் மூடினார். ஐயா பாதிப் பேச்சில் நிறுத்திக் கண்ணை மூடினார். எதற்கு என்று தெரியாமல் நானும் காபித் தட்டோடு மூடினேன்.

சர்ரென்று ஒரு சத்தம். பிறகு தொம்மென்று.

கண்ணைத் திறந்தேன். அண்ணி திண்டோடு சேர்ந்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கைகள் இன்னும் கூப்பியே இருந்தன. சுற்றிலும் மல்லாந்த யானைகள்.

"இன்னாக்கா சத்தம்?" என்றபடி இவர் சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

அண்ணி தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமில்லடா. உக்காந்தேன்."

முதலில் ஒரு விக்கல் போலத்தான் கேட்டது. சம்பந்தியம்மா. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பொத்த இரண்டு கையும் போனதால் பிடிமானம் இல்லை. அவரும் வழுக்கி அண்ணிக்குப் பக்கத்தில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. டீச்சர் மட்டும் பெஞ்சின் மேல் அசையாமல் உட்கார்ந்து, "என் தம்பியும் இப்படித்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் காபியைக் கீழே வைக்க இடம் தேடியபோது ஐயா அதை வாங்கி பெஞ்சின் பின்பக்கத் தட்டில் வரிசையாக அடுக்கினார். "நல்ல வசதிம்மா" என்றார்.

திண்டுகளைக் கழற்றி உள்ளே போட்டேன். வெறும் தேக்கில் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். நடுவில் என் கணவர். சம்பந்தியம்மா இரண்டாம் முறை சாம்பார் கேட்டார். புறப்படும்போது என்னைத் தனியாக உள்ளே அழைத்து, உறைத் துணியில் இருந்த யானைகளைக் காட்டி, "இதே மாதிரி, நிக்கிற யானையா, எனக்கு ஒரு சேலை போட்டுத் தருவியா?" என்றார். போட்டுத் தந்தேன். நான்கு முறை சரிபார்த்தபிறகு.

பெஞ்சின் மேல் இப்போது ஒரு ஜமக்காளம் கிடக்கிறது. யாரும் வழுக்குவதில்லை. அண்ணிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அதே போல ஒன்று வேண்டும் என்று கண்ணமங்கலத்துக்காரரைத் தினமும் போனில் நச்சரித்து, ஜோடி பெஞ்சையும் சென்னைக்கு வரவழைத்துவிட்டார். அது அவர்கள் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் போகவில்லை. ஐந்தாம் மாடிக்குக் கயிறு கட்டித் தூக்க அங்கே லோடுமேனும் இல்லை. கார் நிறுத்துமிடத்திலேயே போட்டுவிட்டார்கள். சாயங்காலமானால் அண்ணி அங்கேதான் இருக்கிறார். காய்கறிக்காரர், வாட்ச்மேன், மேல்வீடு கீழ்வீடு எல்லாரும் வந்து உட்காருகிறார்களாம். குடியிருப்போர் சங்கக் கூட்டமும் அதில்தான் நடக்கிறது. போன மாதம் அண்ணியையே தலைவராக்கிவிட்டார்கள்.